பழைய சலவை யந்திரத்தின் பழுதுகளை அறிவது எப்படி?

(ஊத்துக்கோட்டையில் உழவர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேச வருவோர் விதையைப் பற்றியும், எருவைப் பற்றியும், பாசனத்தைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நாம் இன்று துணி வெளுக்கும் யந்திரத்தைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோம். ‘இது பட்டணத்துப் பேச்சாயிற்றே, இதற்கும் கிராமத்திற்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஊத்துக்கோட்டையைச் சுற்றியுள்ள தாமரைக்குப்பம், பாலவாக்கம், சீத்தஞ்சேரி, பென்னலூர்பேட்டை முதலிய ஊர்களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. பல வீடுகளின் பின்கட்டில் ஒரு சலவை யந்திரம் நிற்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் பழுதாகி, மேலே பழஞ்சாக்கு போர்த்தப்பட்டு நிற்பவையும் பல.

ஆரணியாற்றில் நீர் ஓடும் காலத்தில் கரையில் அமர்ந்து துணி துவைத்த வழக்கத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். இன்று கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் உள்ள சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு நம் ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வேலைக்குச் செல்கின்றனர். காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று மாறி மாறி உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண், வீட்டார் அனைவரின் துணிகளையும் குந்தியிருந்து கசக்கிப் பிழிவது எத்துணைப் பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டைக் குறைக்கத்தான் இந்த யந்திரம் வீட்டிற்குள் வந்தது. புதிது வாங்க இயலாதவர்கள், சென்னையில் ஒருவர் பயன்படுத்தி விற்றதைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தனர். ஆகவே நம் பகுதியில் ஓடும் யந்திரங்களில் பழையவை மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை, துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியும் கொண்ட இரட்டைத் தொட்டி யந்திரங்கள். இன்றைய பேச்சு அவ்வகையைப் பற்றியதே.

உழவருக்குத் தெரிந்த வித்தைதான்

சில காலத்திற்கு முன் நாங்கள் ஓர் உழவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த சலவை யந்திரத்தின் பிழியும் தொட்டியில் மாட்டுத் தவிடு கொட்டி வைக்கப்பட்டிருந்தது. ‘ஏன் ஐயா, இது ஓடவில்லையா?’ என்று கேட்டோம். ‘ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. பழைய மாடலுக்குச் சாமான் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடலாம் என்று வைத்திருக்கிறேன்’ என்றார் அவர்.

‘உங்கள் கிணற்று மோட்டார் இப்படி உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டோம். அவர் சிறிதும் தயங்காமல், ‘முதலில் வோல்டேஜ் வருகிறதா என்று பார்ப்பேன், அப்புறம் மோட்டார் கையால் சுற்றுகிறதா என்று பார்ப்பேன், சுற்றினால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்’ என்றார். சொல்லி முடித்தவுடன் தவிட்டுத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு கண்டென்சர் வாங்கி மாட்டியதும் யந்திரம் ஓடிற்று. அதற்கான செலவு ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்கும் குறைவே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சலவை யந்திரத்தின் பழுதைக் கண்டறியும் அறிவு நம் உழவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வயற்காட்டிலிருந்து வீட்டிற்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையைத் தொடும் இடம் இவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. 1983-ஆம் ஆண்டு இரு மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டு, 1996-இல் அந்த நீர் முதன்முதலாக இங்கு வந்தது. பூண்டி ஏரிக்கு நீர் வரவில்லை என்றால் ஏரிக்கரையில் நின்று எவரும் காரணம் தேடுவதில்லை. தலைப்பில் நீர் திறக்கப்பட்டதா, வழியில் மதகு மூடியுள்ளதா, கால்வாயில் உடைப்போ அடைப்போ உள்ளதா என்று மேலிருந்து கீழாகப் பார்த்து வருகிறோம். யந்திரத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். மின்சாரம் வரும் பிளக்கு தலைமதகு. துணி சுற்றும் தொட்டி கடைமடை. இவ்விரண்டிற்கும் இடையில் எங்கே ஓட்டம் நின்றது என்று படிப்படியாகப் பார்த்தால் பழுது அகப்பட்டே தீரும். அவ்வாறு பாராமல், எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவது வீண் செலவுக்கு வழி.

முதலில் உயிருக்குக் காப்பு

எனினும், வயலுக்கும் வீட்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிணற்று மோட்டாரை நாம் எப்போதாவதுதான் தொடுகிறோம். சலவை யந்திரத்தையோ ஈரக் கையுடன், ஈரத் தரையில் நின்றுகொண்டு, நாள்தோறும் தொடுகிறோம். ஆகையால் பழுது பார்ப்பதற்கு முன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மற்றொரு வீட்டில் நாங்கள் கண்டதைக் கூறுகிறோம். அங்கே யந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குச் செல்லும் ஓர் இளம்பெண் அதைப் பயன்படுத்தி வந்தார். யந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, ‘தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கும் ஐயா, செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது’ என்றார். அவருடைய குழந்தை அதே ஈரத் தரையில் வெறுங்காலுடன் விளையாடிக்கொண்டிருந்தது. நாங்கள் உடனே பிளக்கைப் பிடுங்கச் சொன்னோம். பார்த்தபோது பிளக்கின் மூன்றாவது முள், அதாவது தடித்த எர்த் முள், ஒடித்து எடுக்கப்பட்டிருந்தது. சுவரில் இருந்த சாக்கெட்டில் இரண்டு துளைகளே இருந்தமையால் யாரோ அவ்வாறு செய்திருந்தனர். யந்திரத்தின் அடிப்பக்கத்தில் எலி கடித்த ஒரு கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதுவரை ஓர் உயிர் போகாமல் இருந்தது நல்லூழே அன்றி வேறில்லை.

சகோதரிகளே! ‘லேசாக இழுக்கிறது’ என்ற சொல்லை எவர் சொன்னாலும் அந்த யந்திரத்தை அக்கணமே நிறுத்திவிடுங்கள். இன்று சுருக்கென்பது நாளை ஈரம் மிகுந்தபோது உயிரைக் குடிக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குச் சென்றுவிடும். அது இல்லையேல் தொடுபவரின் உடலே வழியாகிறது. ஆகவே பின்வருவனவற்றை மறவாதீர்கள்.

யந்திரத்தைத் திறக்குமுன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். அதன் முனைகளைக் கையால் தொடலாகாது. பயிற்சி பெற்ற மின்பணியாளர் ஒரு பல்பு ஹோல்டரின் இரு கம்பிகளையும் அம்முனைகளில் தொடுவித்து, தேங்கியதைக் கழித்துவிட்ட பின்னரே தொடுவார்.

மூன்று முள் பிளக்கையும் மூன்று துளை சாக்கெட்டையுமே பயன்படுத்த வேண்டும். சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தால் மட்டும் போதாது; அதிலிருந்து எர்த் குழிவரை கம்பி உண்மையில் செல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு அமைத்த எர்த் குழியானால், கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். முன்னாளில் சிலர் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டினர். இன்று குழாய்கள் பிளாஸ்டிக்காக இருப்பதால் அதனால் பயன் இல்லை. எர்த் கம்பியை நியூட்ரல் கம்பியோடு முறுக்கி இணைப்பது பேராபத்து. நியூட்ரல் அறுந்த நேரத்தில் யந்திரத்தின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும்.

இவற்றோடு, வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கசிவு துண்டிப்பான் ஒன்றைப் பொருத்திக்கொள்வது சாலச் சிறந்தது. மின்கடைகளில் இதனை ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவர். சென்ற மின்சாரத்திற்கும் திரும்பிய மின்சாரத்திற்கும் வேறுபாடு கண்டவுடன், கண் இமைக்கும் நேரத்திற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

பழுதும் காரணமும்

இரட்டைத் தொட்டி யந்திரத்தின் உள்ளே இருப்பவை சிலவே. துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், இரண்டுக்கும் நேரங்காட்டும் டைமர்கள், கண்டென்சர், துவைக்கும் மோட்டாரின் சுழற்சியைத் தொட்டிக்குக் கொண்டு செல்லும் பெல்ட்டும், சுழற்சியின் வேகத்தைக் குறைக்கும் கியரும், தொட்டியின் அடியில் சுற்றும் பல்சேட்டர் என்னும் தட்டு, அழுக்கு நீர் வெளியேறும் வால்வும் குழாயும். இவற்றை மனத்தில் கொண்டு பழுதுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: யந்திரத்தில் எந்த ஓசையும் இல்லை. அப்போது முதலில் அதே சாக்கெட்டில் ஒரு விளக்கையோ மின்விசிறியையோ மாட்டிப் பாருங்கள். அதுவும் இயங்காவிடில் குற்றம் வீட்டு இணைப்பில் உள்ளது. அது இயங்குமானால் அடுத்து பிளக்கையும் கம்பியையும் பாருங்கள். பிளக்கின் முள் கருத்திருந்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கம்பி கதவிடுக்கிலோ யந்திரத்தின் காலடியிலோ நசுங்கியிருக்கலாம். நம் ஊர்களில் எலித்தொல்லை மிகுதி. அடிப்பக்கம் திறந்துள்ள யந்திரத்தில் எலி புகுந்து கம்பிகளைக் கடித்துவிடுகிறது. அடியில் நெருக்கமான கம்பிவலை ஒன்றைப் பொருத்தினால் இப்பழுதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓடாவிட்டால் டைமரைச் சோதிக்க வேண்டும். நடுவில் ஓடி நின்று, அரைமணி கழித்துத் தானாகவே மீண்டும் ஓடுமானால், மோட்டார் சூடேறி அதனுள் இருக்கும் காப்பு அதை நிறுத்தியிருக்கிறது. துணியின் சுமையைக் குறைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இரண்டு: உறுமுகிறது, சுற்றவில்லை. முதற்காரணம் குறைந்த மின்னழுத்தம். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். மின்னழுத்தம் குறையும்போது மோட்டாரின் சுழற்றும் ஆற்றல் அதைவிட வேகமாகக் குறைகிறது. 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால் அவ்வாற்றல் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் ஓடாத யந்திரம் விடியற்காலையில் ஓடுமானால், குற்றம் யந்திரத்தினுடையதன்று. இரண்டாவது காரணம் அடைப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்சேட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிடில் நாணயம், ஊக்கு, பொத்தான், குழந்தையின் காலுறை ஆகியவற்றில் ஒன்று அதன் அடியில் சிக்கியிருக்கும். நடுவிலுள்ள திருகைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் அது வெளிப்படும். எளிதாகச் சுற்றுமானால் மூன்றாவது காரணமாகிய கண்டென்சரை மாற்ற வேண்டும். பழையதன் மேல் மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட அளவு எதுவோ, புதியதும் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குக் குறையலாகாது. ‘பெரியது போட்டால் வேகமாகச் சுற்றும்’ என்று எண்ணி அளவை மாற்றுவோர் மோட்டாரையே எரித்துவிடுகின்றனர். உறுமும் மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருப்பதும் அதை எரிப்பதற்கே ஒப்பாகும். மின்சாரம் இருக்கும்போது கையால் தள்ளிவிட்டுச் சுற்ற வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

மூன்று: ஒரு பக்கம் மட்டுமே சுற்றுகிறது. துவைக்கும் தட்டு வலமும் இடமுமாக மாறி மாறிச் சுற்ற வேண்டும். ஒரு புறம் மட்டும் சுற்றினால் மோட்டார் நல்ல நிலையில் உள்ளது. டைமரின் உட்தொடர்போ, அதிலிருந்து வரும் ஒரு கம்பியோ விட்டுப்போயிருக்கிறது. துணி கயிறாகத் திரித்துக்கொண்டு வருவதே இதற்கு அடையாளம்.

நான்கு: மோட்டார் ஓடுகிறது, துணி அசையவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் அதன்மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணுள்ள பெல்ட்டை வாங்க வேண்டும். தளர்ந்திருந்தால் மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று நகர்த்தி முடுக்கலாம். நெல் அரைக்கும் ஆலையில் பெல்ட்டை எவ்வாறு முடுக்குகிறோமோ அவ்வாறே. பெல்ட் நன்றாக இருந்தும் தட்டு நழுவுமானால், தட்டின் நடுவிலுள்ள பல்துளை தேய்ந்திருக்கிறது. புதிய பல்சேட்டர் மட்டும் வாங்கினால் போதும். கடகடவென்ற உலோக ஓசையுடன் அடியில் எண்ணெய் கசிந்தால் கியர் பழுதாகியிருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை.

ஐந்து: பிழியும் தொட்டி சுற்றவில்லை. இத்தொட்டி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,300 முறை சுற்றுவது. ஆகவே மூடி சரியாக மூடப்பட்டால் அன்றி ஓடாதபடி அதில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கின்றனர். மூடியின் முனை உடைந்து அந்த ஸ்விட்சை அழுத்தாமல் இருப்பது அடிக்கடி காணும் பழுது. சிலர் அந்த ஸ்விட்சை நேராக இணைத்து, மூடாமலே ஓடும்படி செய்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. சுற்றும் தொட்டிக்குள் கைவிட்ட குழந்தையின் கை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மூடியைத் திறந்தவுடன் தொட்டி சில விநாடிகளுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிடில் பிரேக் கம்பி தளர்ந்தோ, பிரேக் கட்டை தேய்ந்தோ இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை பிழியும் தொட்டியைப் பயன்படுத்தலாகாது. இதற்கு மாறாக, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் தொட்டி உறுமிக்கொண்டு நிற்கும்.

ஆறு: பிழியும்போது யந்திரம் குதிக்கிறது. துணியை ஒரு பக்கமாக அடைத்ததே பெரும்பாலும் காரணம். பரப்பி வைத்து, மேலே அதற்குரிய தட்டை அழுத்தி மூட வேண்டும். நான்கு காலும் சமமாகத் தரையில் நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். பிழியும் தொட்டியின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீர் கசிந்து கீழே உள்ள மோட்டாரின் மேல் விழும். மோட்டார் கெடுவதற்கும் மின்கசிவுக்கும் இதுவே தோற்றுவாய். ஆகவே அடியில் நீர்த்துளி கண்டவுடன் உறையை மாற்றிவிட வேண்டும்.

ஏழு: அழுக்கு நீர் வெளியேறவில்லை. இவ்வகை யந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நீரை வெளியேற்றும் பம்பு கிடையாது; நீர் தன் சரிவில் தானே ஓட வேண்டும். வாய்க்காலின் மட்டம் வயலை விட உயர்ந்திருந்தால் வடிகால் ஏது? கழிவுக் குழாயைத் தொட்டியின் அடியை விடத் தாழ்வாக, மடிப்பின்றி இட வேண்டும். குழாய் சரியாக இருந்தும் நீர் தேங்கினால் வால்வில் பஞ்சும் நூலும் அடைத்திருக்கும். அதைத் திறந்து கழுவிவிடலாம். நூல் வடிக்கும் வலைப்பையை ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் அலசினால் இப்பழுது நேராது.

எட்டு: துணியில் வெண்படலம், யந்திரத்தில் துரு. இது யந்திரத்தின் குற்றமன்று, தண்ணீரின் குற்றம். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடி நீருடன் கலந்திருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. உட்பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாக இருக்கிறது. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. அதற்காகத் தூளை அள்ளி அள்ளிப் போடுவதால் படலமே மிகுகிறது. மழைநீரோ குளத்து நீரோ கிடைக்கும்போது கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். யந்திரத்தைத் தரையில் நேராக வைக்காமல் ஓர் உயரமான சட்டத்தின் மேல் வைத்து, வேலை முடிந்ததும் துடைத்து, மூடியைச் சிறிது நேரம் திறந்து உலரவிட்டால் அடிப்பகுதி துருப்பிடிப்பது குறையும்.

எப்போது கைவிடலாம்?

எல்லாப் பழைய யந்திரத்தையும் எப்படியேனும் காப்பாற்றித்தான் தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. மோட்டாரின் சுருள் எரிந்து, கியரும் தேய்ந்து, அடிச்சட்டமும் துருவால் அரிக்கப்பட்டிருந்தால் அதற்குச் செலவழிப்பது வீண். ஒரே பழுதுக்காக ஆகும் செலவு, அதே போன்ற நல்ல பழைய யந்திரத்தின் விலையில் பாதியை எட்டுமானால் நின்று யோசிக்க வேண்டும். குறிப்பாக, மெக்கர் என்னும் கருவியால் சோதித்த மின்பணியாளர் ‘மோட்டாரிலேயே கசிவு இருக்கிறது’ என்று கூறினால், அந்த மோட்டாரை மாற்றாமல் யந்திரத்தை ஓட்டலாகாது.

கைவிட்ட யந்திரத்தை வயல்வரப்பில் போட்டுச் செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவது நிலத்திற்கும் மூச்சுக்கும் கேடு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இத்தகைய பண்டங்களின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பாவார். சலவை யந்திரமும் அவ்விதிகளுள் அடங்கும். ஆகவே பதிவு பெற்றவர்களிடமே அவற்றை ஒப்படைக்க வேண்டும். பழுது பார்ப்பதற்கான தகவலும் உதிரிப் பாகமும் கேட்டுப் பெறுவது வாங்கியவரின் உரிமை என்ற எண்ணமும் வலுத்து வருகிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை இதற்கெனவே ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிற்று. குறைகளைத் தெரிவிக்க 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ளோர் இதில் செய்யக்கூடியவை மூன்று என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, எர்த் சோதனை. கிராம சபை கூடும் நாள்கள் தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் ஒரு கூட்டத்தில், தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு, நல்ல எர்த் எப்படி இருக்கும் என்பதைச் செய்து காட்டலாம். ஒடித்த முள்ளுடன் இருக்கும் பிளக்குகளைக் கணக்கெடுத்து மாற்றச் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது, காக்கப்படுவதோ உயிர்.

இரண்டாவது, பழுது பார்க்கும் பயிற்சி. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் உள்ளன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தோன்றிய ஒரு நிலையமே இவற்றிற்கு முன்மாதிரி. இங்கே பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களை, சிறப்பாக மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்களை, ஊக்கி அனுப்ப வேண்டும். யந்திரத்தை நாள்தோறும் கையாளுபவர் பெண்ணே. அதன் ஓசை மாறுவதை முதலில் கேட்பவரும் அவரே. ஓர் ஊரில் இரு பெண்கள் இத்தொழிலை முறையாகக் கற்றால், அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கிரைண்டரும் மிக்ஸியும் மின்விசிறியும்கூட வாழும். அவர்களுக்கும் வருவாய் உண்டாகும்.

மூன்றாவது, சலவை நீர். யந்திரம் பெருகப் பெருகச் சோப்பு நீரும் பெருகுகிறது. அது தெருவில் ஓடிக் குட்டையாகத் தேங்கினால் கொசு வளரும். குடிநீர்க் கிணற்றருகில் ஊறினால் கேடு. வீட்டுக்கொரு உறிஞ்சுகுழி அமைத்தோ, வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சியோ அதைப் பயன்படுத்த வேண்டும். கீரைப் பாத்திக்குச் சோப்பு நீர் ஆகாது.

நண்பர்களே! பழுதான பண்டத்தைத் தூக்கி எறிவது எளிது. அதற்காகக் கொடுத்த பணம் ஒரு பெண்ணின் பல மாத உழைப்பு என்பதை நினைத்தால் எறிய மனம் வராது. பழுதை அறிந்து நீக்கினால் அவருக்கு மீண்டும் கிடைப்பது யந்திரம் மட்டுமன்று; நாள்தோறும் அரைமணியோ ஒருமணியோ ஓய்வு. அதே சமயம், இழுக்கும் யந்திரத்தைச் செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டுவது சிக்கனமன்று. முதலில் எர்த், பிறகு தலைமதகிலிருந்து கடைமடைவரை நிதானமான சோதனை, அதற்குப் பிறகே செலவு. இந்த வரிசையை மறவாதீர்கள்.

நாங்கள் முன்னர்ச் சொன்ன அந்த இளம்பெண்ணின் வீட்டில் அன்றே புதிய சாக்கெட்டும் எர்த் கம்பியும் போடப்பட்டன. எலி கடித்த கம்பியும் மாற்றப்பட்டது. அடுத்த முறை நாங்கள் சென்றபோது யந்திரத்தின் பக்கத்தில் செருப்பு இல்லை. உங்கள் வீட்டு யந்திரத்தின் பக்கத்திலும் அத்தகைய செருப்பு இருக்குமானால், இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, எம் உரையை முடித்துக்கொள்கிறோம்.